நடைவழி முடிந்த இடம்: மாத்தளை பிறந்த கதை

ஏ9 வீதி என்றதும் நமக்கு ஓமந்தையும் ஆனையிறவும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். அது மூடிக் கிடந்த காலமும் திறந்த நாளும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளின் கதையோடு ஒட்டியவை. ஆனால் அந்த வீதி தொடங்குவது வன்னியில் அல்ல, கண்டியில். கண்டியை விட்டு வடக்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் அது தொடுகிற முதல் பெரிய ஊர் மாத்தளை.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்கள் புத்தளம் வழியாகவோ குருநாகல், தம்புள்ளை வழியாகவோ போய்விடுகின்றன. மாத்தளை அவற்றின் பாதையில் இல்லை. கண்டி வழியாகச் சிகிரியாவுக்குச் சுற்றுலாப் போகிற வான்கள் வருவதுண்டு. வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் கொஞ்ச நேரம் நிற்கும். முத்துமாரியம்மன் கோவிலின் பெருங்கோபுரம் தெரிந்ததும் உள்ளே இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே கைகூப்புவார்கள். வான் போய்விடும். நுவரெலியாவுக்கு இருக்கிற குளிரும் கண்டிக்கு இருக்கிற பெரஹராவும் மாத்தளைக்கு இல்லை. அதனால் அதைப் பார்க்கவென்று எவரும் புறப்படுவதில்லை.

நான் புறப்பட்டுப் போகிறவன். இந்த நாட்டில் தமிழர் வாழும் ஊர்களில், நடந்து வந்தவர்களின் கால்களால் உருவான ஊர் ஒன்றைக் காட்டு என்று கேட்டால் மாத்தளையைத்தான் காட்டுவேன்.

அந்த இடத்தில் ஊர் ஒன்று பிறப்பதற்கான காரணம் மண்ணிலேயே இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிற உலர்ந்த சமவெளி அங்கே முடிகிறது. மலைநாடு அங்கே தொடங்குகிறது. தம்புள்ளையிலிருந்து நாவுல, நாலந்தை என்று தெற்கே வரவர, முட்பற்றைகள் குறைந்து தென்னையும் கமுகும் பலாவும் கூடுகின்றன. இரண்டு பக்கமும் மலைகள் நெருங்குகின்றன. கிழக்கே நக்கிள்ஸ் தொடரின் முதுகு தெரிகிறது. பள்ளத்தாக்கின் நடுவே சுது கங்கை ஓடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரம். வேர்க்க வைக்கிற வெயிலும் இல்லை, போர்வை கேட்கிற குளிரும் இல்லை. திருகோணமலையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கண்டிக்குப் போகிற பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறினார்கள். படை வந்தாலும் பஞ்சம் பிழைக்க வந்தாலும் வழி இதுதான்.

ஊர் பிறப்பதற்கு மிக முன்னே அந்த வழியோரம் இன்னொன்று பிறந்தது. இன்றைய நகரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீற்றரில், வீதியை ஒட்டியே அலுவிகாரை இருக்கிறது. பெரும் பாறைகள் பிளந்து நிற்கிற இடுக்குகளில் குகைகள். வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளி திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இந்தக் குகைகளில்தான் என்பது பௌத்த மரபு. காலம் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு, வட்டகாமணி அபயன் என்கிற வலகம்பா மன்னன் ஆட்சி. தென்னிந்தியத் தலைவர்களோடு நடந்த போரும் அதோடு சேர்ந்து வந்த கொடிய பஞ்சமும் பிக்குகள் பலரைக் கொன்றன. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் செத்துப்போனால் நூலும் செத்துப்போகும் என்ற அச்சத்தில் ஐந்நூறு பிக்குகள் கூடி எழுதினார்கள் என்று சொல்கிறார்கள்.

அங்கே இன்றும் ஏடெழுதிக் காட்டுவார்கள். நம்மூர்ப் பனையோலை அல்ல, தாளிப்பனையின் குருத்தோலை. ஈர்க்கு நீக்கி, சுருட்டி, அவித்து, காயவைத்து, கமுகமரத் தண்டில் இழுத்து இழுத்துத் தேய்த்து மழமழப்பாக்கிய ஓலை. எழுதுகிறவர் அதை இடது கையில் பிடித்து, இரும்பு எழுத்தாணியால் நம் பெயரைக் கீறுகிறார். கீறி முடித்ததும் ஓலையைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நிறமில்லாத கீறல், அவ்வளவுதான். பிறகு கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுக்கப் பூசுகிறார். எழுத்தும் ஓலையும் ஒன்றாகக் கறுத்துவிடுகின்றன. அதன்மேல் மாவைத் தூவித் துணியால் அழுத்தித் துடைக்கிறார். மேலே இருந்த கறுப்பு போய்விடுகிறது, கீறலுக்குள் இறங்கிய கறுப்பு தங்கிவிடுகிறது. பெயர் எழும்பி வருகிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை ஒரு தரம் காட்டுங்கள்.

கண்டி இராச்சிய காலத்தில் மாத்தளை ஒரு மாகாணத்தின் பெயர். பதினேழாம் நூற்றாண்டில், இரண்டாம் இராஜசிங்கனின் சகோதரன் விஜயபாலன் அங்கே இருந்து ஆண்டான். 1818 கிளர்ச்சியின் தலைவர் மொனரவில கெப்பெட்டிபொல மாத்தளைப் பக்கத்து மனிதர். ஆனால் அந்தக் காலத்தில் இருந்தவை கிராமங்களும் வயல்களும் வளவுகளும். கடைத்தெருவோடு கூடிய நகரம் என்று ஒன்று இல்லை.

வெள்ளைக்காரன் முதலில் கட்டியது கோட்டை. 1803இல், கண்டியைப் பிடிக்கவென்று திருகோணமலையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் படை போனபோது, திருகோணமலைப் பாதையைக் காப்பதற்கு மாத்தளையில் ஒரு காவலரண் எழுந்தது. படைத்தளபதியின் பெயரால் அதற்கு மக்டோவல் கோட்டை என்று பெயர். சில மாதங்களில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. மாத்தளையிலிருந்தவர்கள் கோட்டையை விட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி நடந்தார்கள். இன்று எஞ்சியிருப்பது ஒரு கல்வாசலும் சிறிது மதிலும்தான். வாசலைத் தாண்டினால் கல்லறைகள். ஊருக்கு நடுவே இருக்கிற அந்த வாசலைக் கடந்து பள்ளிப்பிள்ளைகள் போகிறார்கள். அதற்குப் பலகையும் வேலியும் வைத்துச் சீட்டு விற்கிற நிலை இன்னும் வரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஊரைப் பிறப்பித்தது கோப்பி.

1823, 1824 அளவில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். பேராதனைப் பக்கம் தேசாதிபதி பார்ன்ஸ் தாமே ஒன்று போட்டார். 1830களின் பிற்பகுதியில் கோப்பி வெறி பிடித்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்கே என்றது. சிங்களக் கிராமத்தவர் தலைமுறையாக ஆண்டு அனுபவித்த காடு ஏக்கர் கணக்கில் விலைபோயிற்று. துரைமாரும் அதிகாரிகளும் பாதிரிமாரும்கூட வாங்கினார்கள். மாத்தளையைச் சுற்றி எல்கடுவை, றத்தோட்டை, உக்குவளை, கந்தேநுவரை மலைகளில் மரங்கள் சாய்ந்தன. காணி இருக்கிறது, கன்று இருக்கிறது, பழம் பறிக்க ஆள் இல்லை. ஆளை மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் தேடினார்கள்.

அந்த ஆட்கள் வந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கங்காணி ஊர்ப்பக்கம் போய், உறவுமுறை சொல்லி, முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவான். அந்தப் பணமும் வழிச்செலவும் அவரவர் கணக்கில் கடனாக ஏறும். பாம்பன் பக்கத்திலிருந்து தோணியில் தலைமன்னார். அதன்பிறகு நடை. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அக்காலத்து வன்னியில் ஊர்கள் அருகியிருந்தன, குளங்கள் தூர்ந்திருந்தன. யானையும் கரடியும் சிறுத்தையும் உண்டு. ஆனால் ஆளை விழுத்தியவை தண்ணீரும் தண்ணீரின்மையும்தான். கிடைத்த கலங்கல் நீரைக் குடித்துக் கொலரா வந்தது. காய்ச்சல் வந்தது. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே போனது. ஏனென்றால் நின்றால் மற்றவர்களும் சாவார்கள். 1841க்கும் 1849க்கும் இடையில் ஏறத்தாழ 70,000 பேர், வந்தவர்களில் நால்வரில் ஒருவர், இறந்திருக்க வேண்டும் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். அறுவடை முடிந்ததும் பலர் திரும்பி நடந்தார்கள். ஆகவே இந்த நடை ஆண்டுதோறும் போக்கும் வரவுமாக நிகழ்ந்தது.

வறண்ட காட்டைக் கடந்து வந்தவர்களுக்கு மலையும் நிழலும் ஓடுகிற தண்ணீரும் ஒன்றாகக் கிடைத்த முதல் இடம் மாத்தளை. அதுவரை வந்த கூட்டம் அங்கேதான் உட்கார்ந்தது. சுது கங்கையில் குளித்தது. உயிரோடு வந்தவர்களை எண்ணியது. அங்கிருந்து கங்காணிமார் தத்தம் ஆட்களைப் பிரித்துக்கொண்டு சிலர் றத்தோட்டைப் பக்கமும், சிலர் எல்கடுவைப் பக்கமும், சிலர் கண்டிக்கும் அதற்கு அப்பால் புசல்லாவைக்கும் போனார்கள். ஒன்றாக நடந்து வந்த உறவுகள் பிரிந்த இடமும் அதுதான்.

உட்காருகிற இடத்தில் கடை வரும். அரிசி வேண்டும், உப்பும் மிளகாயும் வேண்டும், மலைக்குளிருக்குக் கறுப்புக் கம்பளி வேண்டும். அந்தக் கம்பளியும் கடனில்தான். செட்டிமார் அரிசியோடும் வட்டியோடும் வந்தார்கள். முஸ்லிம் வியாபாரிகள் துணியும் சாமானும் கொண்டுவந்து, சிங்களக் கிராமத்தவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கோப்பியை வாங்கிப் போனார்கள். கரைநாட்டுச் சிங்களவர் வண்டியோட்டவும் தச்சு வேலைக்கும் வந்தார்கள். வீதியின் இரண்டு பக்கமும் கடை வரிசை நீண்டது. இன்று திருகோணமலை வீதி என்று சொல்கிற மாத்தளைக் கடைத்தெருவின் வேர் அதுவே. ஒரு திட்டமும் போட்டு எவரும் அந்த நகரத்தைக் கட்டவில்லை.

கடைக்கு முன்னே கும்பிடவும் ஒரு இடம் வந்தது. வில்வ மரத்தின் கீழே கல்லை வைத்துக் கும்பிடத் தொடங்கியதாக மாத்தளையில் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை நம்பத்தக்கதாகவே படுகிறது. வழியில் அம்மையும் கொலராவும் கண்டவர்கள், பிழைத்து வந்த இடத்தில் வேறு யாரை நினைப்பார்கள்? நோயையும் மழையையும் கையில் வைத்திருக்கிற மாரியைத்தான். நிலம் ஒரு வயல்காணி. அதன் உரிமையாளர் 1852இல் அதைக் கோவிலுக்கு அளித்தார் என்றும், 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு கோவில் எழுந்தது என்றும் கோவில் வரலாறு சொல்கிறது. அன்று முதல் சிங்களப் பௌத்தர்களும் அங்கே வந்து நேர்த்தி வைத்திருக்கிறார்கள். மழை எல்லார் வயலுக்கும் வேண்டியதுதானே.

அந்த 1874 கொழும்புக்காரருக்கும் ஒரு முக்கியமான ஆண்டு. கொலரா அச்சத்தால் கதிர்காம யாத்திரை தடைப்பட, செட்டியார் தெருவிலிருந்து நம் பக்கமாக வேல் புறப்படத் தொடங்கியது அந்த ஆண்டில்தான் என்பார்கள். காலி வீதியில் ஆடிவேல் பார்த்து வளர்ந்த நமக்கு அது கொழும்பின் திருவிழா. ஆனால் அதற்குப் பணம் தந்த அதே செட்டியார் தெரு, மாத்தளைக்கு அரிசியும் கடனும் அனுப்பி, கோப்பி வணிகத்தில் உழன்று, அங்கேயும் ஒரு கோவிலுக்குத் தோள்கொடுத்தது. மலையிலிருந்து மாட்டு வண்டியிலும் பொதிமாட்டுத் தவளத்திலும் இறங்கிய கோப்பி கொழும்புப் பண்டகசாலைகளில் காய்ந்து, தோல் நீங்கி, கப்பலேறியது. புறக்கோட்டையும் கொட்டாஞ்சேனையும் அந்தப் பணத்தில் வளர்ந்தவை. மாத்தளையின் பிறப்பும் நம் கொழும்பின் வளர்ச்சியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

ஊர் பிறந்து தவழ்கிற வயதிலேயே இரத்தமும் பார்த்தது. 1847இல் ஐரோப்பாவில் நெருக்கடி வந்து கோப்பி விலை விழுந்தது. கஜானாவை நிரப்ப தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்றார். காட்டை இழந்த கிராமத்தவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. 1848 ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். 28ஆம் திகதி அந்தக் கூட்டம் மாத்தளைக்குள் நுழைந்தது. கச்சேரி தாக்கப்பட்டது, வரிப்பதிவேடுகள் அழிந்தன, வாரியப்பொலைத் தோட்டத்துக் கோப்பிக் களஞ்சியமும் தாக்கப்பட்டது. பதிலாக வந்த இராணுவச் சட்டம் ஈவிரக்கமற்றது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடஹபொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். அலுவிகாரையும் சேதப்பட்டு, அதன் பழைய ஏடுகள் அழிந்தன. பண்டாவை மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். டொரிங்டனை 1850இல் இலண்டன் திருப்பியழைத்துக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்கிறபோது சிங்களக் கிராமத்தவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தமிழ்க் கூலிகளை விட்டுவிடுகிறார்கள். தமிழ்க் கூலிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிராமத்தவரை விட்டுவிடுகிறார்கள். ஒரே கோப்பிச் செடிக்காக ஒருவர் காட்டை இழந்தார், மற்றவர் ஊரை இழந்தார். இருவரும் நடந்தது ஒரே வீதியில். மாத்தளையில் நின்று பார்த்தால் இந்த இரண்டு கதைகளையும் பிரிக்க முடியாது. அந்த ஊரின் மேல் எனக்கிருக்கிற பற்றுக்கு இது பெரிய காரணம்.

பிறகு ரயில் வந்தது. கொழும்பு கண்டிப் பாதை 1867இல் முடிந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக் கிளைப்பாதை 1880இல் திறந்தது. கோப்பியை ஏற்றவென்று போட்ட பாதை அது. ஆனால் 1869இலேயே மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு விழுந்துவிட்டது. ரயில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது ஏற்றவேண்டிய பயிர் செத்துக்கொண்டிருந்தது. துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள். பின்னர் மேட்டில் தேயிலை, பள்ளத்தில் கொக்கோ, இறப்பர் என்று மலை வேறு நிறம் பூண்டது.

இன்றும் அந்தப் பாதை மாத்தளையோடு முடிகிறது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகமை, உக்குவளை என்று வீட்டு முற்றங்களை உரசிக்கொண்டு மெதுவாகப் போகிற ரயில். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் சன்னலுக்குக் கை எட்டுகிற தூரத்தில். பதுளை ரயிலுக்கு முன்பதிவு செய்து தொங்குகிற கூட்டம் இந்தப் பக்கம் வருவதில்லை. வருகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப்பிள்ளைகள், கூடையோடு சந்தைக்குப் போகிற பெண்கள். பாக்கியம் வித்தியாலயப் பிள்ளைகளின் தமிழும் விஜய கல்லூரிப் பிள்ளைகளின் சிங்களமும் சாஹிராப் பிள்ளைகளின் இன்னொரு தமிழும் மாலை நேர மாத்தளைத் தெருவில் கலந்து கேட்கும். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் இந்த அளவுக்குக் கேட்டதில்லை.

கோப்பி போனாலும் ஊர் போகவில்லை. துரைமாரின் ஒற்றைப் பயிரை அது ஒருபோதும் முழுதாக நம்பியிருக்கவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மாத்தளை வீட்டுத் தோட்டத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பலாவில் மிளகுக்கொடி, அதன் நிழலில் கோப்பி, ஓரத்தில் சாதிக்காய், கராம்பு, ஒரு கொக்கோ. புறக்கோட்டைக் கடைக்காரர் மாத்தளை மிளகு என்று அழுத்திச் சொல்கிறாரே, அது இந்தத் தோட்டங்களிலிருந்து சிறுசிறு சாக்குகளில் வருவது.

திருகோணமலை வீதியில் மிளகு வாங்குகிற கடை ஒன்றில் நின்று பார்த்தேன். சாக்கை அவிழ்த்ததும் முதலாளி உள்ளே கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். மேலே இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்குமாம். உள்ளங்கையில் வைத்து உருட்டி ஊதினார். சருகும் காம்பும் பறந்தன. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். நன்றாகக் காய்ந்திருந்தால் டக்கென்று உடையும், ஈரமிருந்தால் நசியும். பிறகு ஒரு லீற்றர் அளவில் தலைதட்டி நிரப்பித் தராசில் வைத்தார். முற்றிய மிளகு கனக்கும், பிஞ்சில் பறித்தது எடை காட்டாது. கொண்டுவந்த முதியவர் தோட்டத்து ஆள். "கொஞ்சம் அவசரப்பட்டுப் பறிச்சிட்டீங்களே ஐயா" என்றார் முதலாளி. "கொரங்குக்கு விடாம என்ன செய்யச் சொல்றீங்க மொதலாளி" என்றார் முதியவர். விலை இறங்கியது, ஆனால் பேச்சு முறியவில்லை. பேத்தியின் பரீட்சை முடிவு வரை போய் முடிந்தது. இந்த நிதானம் மாத்தளைக்கே உரியது.

அந்த நிதானம் முழுக்க மாறுகிற ஒரு நாள் உண்டு. முத்துமாரியம்மன் கோவிலின் மாசி மகம். விநாயகர், சிவன், முருகன், அம்மன், சண்டேசுவரர் என்று ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரை வலம் வரும். சுற்றுத் தோட்டங்களெல்லாம் அன்று ஊருக்குள் இறங்கும். அதே மாசியில்தான் தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கும். ஆகவே தப்பின் ஒலி பல நாள் மலையில் கேட்டுக்கொண்டே இருக்கும். பறவைக்காவடி வரும், தீச்சட்டி வரும். சிங்களக் கடைக்காரர்கள் வாசலில் தண்ணீர் தெளித்து, தட்டோடு நிற்பார்கள். ஆண்டு முழுக்கக் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் விலகி நின்றவர்கள் அன்றைக்கு நகரத்தின் நடுவீதியை வடம்பிடித்து நிறைப்பார்கள். வடக்குப் பக்கத்து இராஜகோபுரம் 108 அடி. இன்று ஊருக்கு அடையாளம் அதுதான்.

அந்தக் கோவில் தாக்கப்பட்டதும் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளைக் கடைத்தெருவின் தமிழ்க் கடைகள் எரிந்தன, கோவிலும் தப்பவில்லை. பல குடும்பங்கள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இந்தியாவுக்கும் போயின. நம் ஒழுங்கைகளில் இன்றும் மாத்தளைக்காரர் வீடு என்று சொல்லப்படுகிற வீடுகள் இருக்கின்றன. போகாதவர்கள் கோவிலைத் திருத்திக் கட்டினார்கள். இன்று நாம் வானுக்குள்ளிருந்து கும்பிடுகிற அந்த வளாகம் எரிந்த இடத்தில் எழுந்தது.

அதற்கு முன்னரும் போக்கு நடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. பாட்டன் நடந்து வந்த அதே தலைமன்னார் வழியே பேரன் கப்பலேறினான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் கைமாற, அதே ஆண்டுகளில் பசியும் வந்தது. அதன்பின் 1977 கலவரம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. வடக்கிலிருந்து மலைக்கு ஆள் கொண்டுவந்த வீதி, இப்போது மலையிலிருந்து வடக்கே ஆளைக் கொண்டுபோயிற்று. பிற்பாடு போரில் அந்தக் குடும்பங்கள் பட்டது தனிக் கதை.

எஞ்சியிருந்தவர்கள் எழுதினார்கள். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு. ஊர்ப்பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்ளாமல் இந்த ஊர்க்காரர்கள் எழுத வந்ததே அரிது. சோமுவும் வடிவேலனும் மலரன்பனும் சேர்ந்து 1980இல் ‘தோட்டக் காட்டினிலே’ என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார்கள். கார்த்திகேசு ‘அவள் ஒரு ஜீவநதி’ என்ற திரைப்படத்தைத் தயாரித்தார். தோட்டத்துப் பதிவேட்டில் எண்ணாக இருந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். தங்களுக்கென்று ஒரு ஊர் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழேயும் அச்சடித்துக் காட்டினார்கள்.

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்தபோது, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கியது. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக, முன்னோர் நடந்த தடத்திலேயே வந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. வழியில் சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம்களும் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். கண்டியையோ நுவரெலியாவையோ முடிவிடமாக வைக்காமல் மாத்தளையை வைத்தது முற்றிலும் சரி. அன்றும் நடை முடிந்தது அங்கேதான். நடந்தவர்கள் கையில் கோரிக்கைப் பட்டியல் ஒன்று இருந்தது. சமத்துவமான குடியுரிமை, வாழப் போதுமான கூலி, வீடு, காணி. காணிக்குப் பதில் இன்னும் முழுதாக வரவில்லை. மாத்தளையைச் சுற்றியுள்ள மலைகளில் இன்றும் ஏராளமான குடும்பங்கள் லயத்து அறைகளில்தான் இருக்கின்றன. அந்த அறைகள் நிற்கிற மண் அவர்கள் பெயரில் எழுதப்படவில்லை.